டைம்கீப்பர் போட்ட அட்டவணை

டைம்கீப்பரைப் பற்றி எழுதுவதென்றால் சிறுநீரில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. அவருக்கு இதில் சம்மதமில்லை. வேறு ஏதாவது நல்ல விஷயத்தில் ஆரம்பிக்கக் கூடாதா என்று கேட்டார். அறுபத்தெட்டு வயதில் நல்ல விஷயத்துக்கு நான் எங்கே போவேன்? நாங்கள் பழகியதே மருத்துவமனையின் இரண்டாவது மாடி வராந்தாவில், ஒன்றுக்கு அடக்க முடியாதவர்களுக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில்தான். ஒன்பது நாற்காலிகள், ஒரு கழிவறை. இந்த ஏற்பாட்டைச் செய்தவருக்கு அந்த நோய் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவன். ஊரார் சொன்ன பொய்களையெல்லாம் முப்பத்தெட்டு வருடம் எழுத்துப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் யாராவது உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். டைம்கீப்பர் மேல் எனக்கு வந்ததும் அந்த எரிச்சல்தான்.

அவர் பேருந்துப் பணிமனையின் வாசலில், கண்ணாடி வைத்த ஒரு கூண்டுக்குள் முப்பத்துநாலு வருடம் உட்கார்ந்திருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று முந்தின நாள் சாயங்காலமே தாளில் போட்டுவிடுவார். மறுநாள் அந்தத் தாளின்படி வண்டிகள் ஓடும். ஓடாவிட்டால் கடைசிக் கட்டத்தில் காரணம் எழுதுவார். ஓட்டுநர்களுக்கு மேலதிகாரியைவிட அந்தக் கடைசிக் கட்டத்தின் மேல்தான் பயம். வண்டி ஓட்டத் தெரியாது, சைக்கிளும் தெரியாது, ஆனால் நாற்பது வண்டிகள் இப்போது எங்கே நிற்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வீட்டிலும் அதே கதைதான். அவர் மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிடுவது வழக்கம். அவள் சொல்வாள், கல்யாணத்தன்று எல்லோரும் கண் கலங்கி நிற்கும்போது இவர் மட்டும் ஏழு நிமிடம் தாமதம் என்று மாமனாரிடம் சொன்னாராம்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஓய்வு பெற்ற மறு வருடமே சிறுநீர்ப்பை கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். வருகிறது என்று தோன்றினால் வந்தே தீரும். வீட்டு வாசலில் நின்று சாவியைத் துவாரத்தில் வைக்கும் நேரம்கூடத் தாங்காது. கடைத்தெருவுக்குப் போனால் எந்தக் கடைக்குப் பின்னால் கழிவறை இருக்கிறது, எந்த முதலாளி முகம் சுளிக்காமல் விடுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முப்பத்துநாலு வருடம் பேருந்துகளை ஊர் ஊராக அனுப்பியவர், கடைசியில் ஒரு பேருந்தில் ஏற முடியாதவராகிவிட்டார்.

இதில் உண்மையான வேதனை ஒன்று இருந்தது. அவருடைய ஒரே மகள் எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தாள். தானாகப் பார்த்துப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டவள். டைம்கீப்பர் முதலில் ஒரு வாரம் கத்தினார், அப்புறம் ஒத்துக்கொண்டார், கல்யாணத்துக்குப் போய் நின்றார். பிறகு நான்கு வருடமாக மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பேரனுக்கு இரண்டு வயதாகிவிட்டது. அவனைப் போனில் பார்த்ததோடு சரி. அவளால் இங்கே வர முடியாது. படுக்கையில் கிடக்கும் மாமியாரையும் சின்னக் குழந்தையையும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவள். எப்போ வர்றீங்க என்று கேட்கும்போதெல்லாம் இவர் மூட்டு வலி என்பார். மகள் முட்டாள் இல்லை. அப்பாவுக்குத் தன் கல்யாணத்தின் மேல் இருந்த கோபம் இன்னும் தீரவில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். அவள் அப்படி நினைக்கிறாள் என்று இவருக்கும் தெரியும். தெரிந்தும் வாய் திறக்க முடியவில்லை. பெற்ற மகளிடம் போய், அப்பா பேருந்தில் நனைத்துவிடுவேன் என்று எப்படிச் சொல்வது? போன் பேச்சுகள் மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே வந்தன.

இந்தச் சமயத்தில்தான் பெரிய டாக்டர் ஒரு ஆராய்ச்சியில் சேர்கிறீர்களா என்று கேட்டார். புது மாத்திரை. காலையில் ஒன்று, பன்னிரண்டு வாரம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி வெள்ளையாக ஒரு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நமக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எங்கேயோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும். யாருக்கும் எதுவும் தெரியாது என்பதை முப்பத்துநாலு பக்கத்தில் தெளிவாக விளக்கி ஒரு சம்மதப் பத்திரம் கொடுத்தார்கள். நான் தொழில் பாசத்தில் முழுவதையும் படித்தேன். வாய் வறட்சி, மலச்சிக்கல், தலைவலி என்று ஆரம்பித்து, இருபத்தோராம் பக்கத்தில் மிக அரிதாக உயிரும் போகலாம் என்று போட்டிருந்தது. டைம்கீப்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதைச் சாப்பிட்டால் எட்டு மணி நேரம் பேருந்தில் போக முடியுமா? அதைக் கண்டுபிடிக்கத்தானே ஆராய்ச்சி என்றார் டாக்டர். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நானும் போட்டேன். எனக்கு மகள் யாரும் இல்லை. தெருவில் கௌரவமாக நடந்தால் போதும் என்பது என் ஆசை.

செவ்வாய்க்கிழமைக் குழுவில் நாங்கள் ஒன்பது பேர். எங்களை நடத்தியவள் ஒரு பெண். பதவிப் பெயர் நீளம், சம்பளம் குறைவு. வாயைத் திறந்தால் எத்தனை மில்லி என்று கேட்பாள் என்பதால் நாங்கள் மில்லி என்று பெயர் வைத்துவிட்டோம். தங்கமான பெண், ஆனால் குரல் மட்டும் ஒலிபெருக்கி. "நேத்து எத்தன தடவ கசிஞ்சுது சார்?" என்று வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து கேட்பாள். எதிர்ப்புறம் கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் கண் தெரியாமலே திரும்பிப் பார்ப்பார்கள். இன்னொரு கேள்வித் தாளும் உண்டு. இதே நிலையில் மிச்ச வாழ்நாளைக் கழிக்க நேர்ந்தால் உங்கள் மனநிலை எப்படி இருக்கும், பூஜ்யத்திலிருந்து ஆறுக்குள் ஒரு எண்ணைச் சொல்லுங்கள் என்று. சுவரில் தொங்கும் குழாய் போட்ட புனலில் போய் வேகத்தை அளக்கும் சோதனையும் இருந்தது. முக்கால் மணிக்கு ஒருமுறை ஓடுகிறவர்களுக்கு, அந்தப் புனல் முன்னால் நின்றால் மட்டும் ஒரு சொட்டு வராது. கதவுக்கு வெளியே நின்று மில்லி, "டென்ஷன் ஆகாதீங்க சார், எட்டுப் பேரும் வெயிட் பண்றாங்க, நீங்க நிதானமாப் போங்க" என்பாள்.

ஆளுக்கொரு பிளாஸ்டிக் அளவுக் குவளையும் மூன்று நாள் தாள்களும் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவை போகும்போதும் நேரம், அளவு, அவசரம் எவ்வளவு, நனைந்ததா என்று எழுத வேண்டும். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். நான் மூன்று நாளையும் ஒன்றாக, வராந்தாவில் காத்திருக்கும்போது எழுதுவேன். அளவு என்ன, சும்மா நூற்றைம்பது, நூற்றெண்பது என்று போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். பாதிப் பேர் என் கட்சி. டைம்கீப்பர் அப்படியில்லை. அவர் கையில் தாளை வாங்கிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. முதல் கட்டம் நேரம், கடைசிக் கட்டம் குறிப்பு. முப்பத்துநாலு வருடம் அவர் குடும்பம் நடத்தியதே அப்படிப்பட்ட தாளோடுதான்.

அங்கேதான் தப்பு நடந்தது. வேறு எந்த மனிதனும் செய்ய முடியாத தப்பு. நடந்ததை எழுதச் சொல்லித் தாள் கொடுத்தார்கள். இவர் முந்தின நாள் சாயங்காலமே உட்கார்ந்து, மறுநாள் போக வேண்டிய நேரங்களையெல்லாம் வரிசையாகப் போட்டுவிட்டார். ஆறு பத்து, ஏழு, ஏழு ஐம்பது, எட்டு நாற்பது. ஐம்பது நிமிட இடைவெளி. மறுநாள் அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, அதன்படி ஓட்டினார். நேரத்துக்கு முன்னாலேயே வந்தால் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நிறுத்துவார். நேரம் வந்தும் வரவில்லை என்றால் போய் நிற்பார், வந்ததை அளந்து எழுதுவார். பொய் கிடையாது. தவறினால் குறிப்புக் கட்டத்தில் ஒப்புக்கொள்வார். பிற்பாடு அந்தத் தாள்களை நான் பார்த்திருக்கிறேன். ‘எட்டு நாற்பது: மூன்று நிமிடம் முந்தியது. சிறிது நனைந்தது. காரணம்: குளியலறையில் மனைவி.’ ‘பதினொன்று பத்து: தாமதம். காரணம்: அரிசி வியாபாரி பேச்சை நிறுத்தவில்லை.’ மூன்று நாள் தாள் முடிந்த பிறகும் வெற்றுத் தாளில் கோடு போட்டுத் தொடர்ந்தார். வாரத்துக்குப் பத்து நிமிடம் இடைவெளியைக் கூட்டினார். எந்தத் தடத்திலும் ஓட்ட நேரத்தைச் சீர் செய்துகொண்டே வர வேண்டும் என்பது அவர் கொள்கையாம்.

இதோடு விட்டாரா என்றால் இல்லை. வராந்தாவில் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் ஒரே கதவுக்கு ஓடுவதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரே வாசலில் இத்தனை வண்டி கிளம்பினால் இடிக்காதா என்றார். ஆளுக்கு ஐந்து நிமிடம் தள்ளித் தள்ளி ஒன்பது பேருக்கும் அட்டவணை போட்டுக் கொடுத்தார். நான் மூன்றாவது, பத்து மணி பத்து நிமிடம். முதலில் சிரித்தோம். ஆனால் இரண்டு செவ்வாய்க்கிழமைகளில் வராந்தாவில் தள்ளுமுள்ளு நின்றுவிட்டது. வீட்டிலும் அதையே பின்பற்றச் சொன்னார். வாரத்தில் இரண்டு நாள் போன் செய்து, வண்டி சரியாப் போகுதா என்று கேட்பார். கேள்விக்குப் பயந்தே நாங்கள் எல்லோரும் அடக்கக் கற்றுக்கொண்டோம். எழுத அலுப்புப்படும் எனக்குக்கூட வசதியாகத்தான் இருந்தது. நேரத்தை அவரே போட்டுக் கொடுத்துவிடுகிறார், நான் அளவை மட்டும் கற்பனை செய்தால் போதும்.

ஏழாவது வாரம் டைம்கீப்பரின் இடைவெளி இரண்டு மணி நேரத்தைத் தொட்டது. நனைவது அறவே நின்றுவிட்டது. எல்லாம் மாத்திரையின் மகிமை என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். பன்னிரண்டாவது வாரம் கடைசிப் பரிசோதனை, அதற்கு மறுநாள் மகள் ஊருக்குப் போவதென்று முடிவு செய்து, இரண்டு பயணச்சீட்டு வாங்கிச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். மகளிடம் தங்கச்சிதான் போனில் சொன்னாள். மகள் சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாளாம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் ஒரு வாரம் அர்த்தம் தேடினார்கள்.

எட்டாவது வாரம் மாத்திரைக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கணக்கு சரிபார்ப்பவர். தாள்களில் பேன் பார்ப்பதுதான் அவர் வேலை. சின்ன வயது, சிரித்த முகம், கையில் மடிக்கணினி. செவ்வாய்க்கிழமைக் குழுவின் தாள்களை ஏற்றியதும் மடிக்கணினி சிவப்புச் சிவப்பாகக் காட்டியதாம். ஒன்பது பேரும் ஒரே இடைவெளியில் போயிருக்கிறார்கள், அதுவும் ஒருவர் பின் ஒருவராக ஐந்து நிமிடம் தள்ளி, நாள் தவறாமல். மனித உடம்பு அப்படி இயங்காது. ஆகவே மில்லிதான் மேஜையில் உட்கார்ந்துகொண்டு எல்லோருடைய தாளையும் தானே எழுதியிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள். பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு, நாளைக்கு எழுத்தில் விளக்கம் கொடு, இல்லாவிட்டால் போலீசுக்கு எழுத வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். தன் பெயர் கெட்டுப்போய்விடும் என்பது அவர் கவலை. மில்லி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

நானும் டைம்கீப்பரும் அவளைத் தாண்டித்தான் இறங்க வேண்டியிருந்தது. என்ன விஷயம் என்று கேட்டோம், சொன்னாள். கீழே வந்ததும் நான் அவரை ஓரமாக இழுத்துப் போய் வாயைத் திறக்காதீர்கள் என்றேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொன்னது சொன்னதுதான். உண்மையைச் சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள், மாத்திரை நின்றுவிடும், மகள் வீட்டுப் பயணம் அவ்வளவுதான் என்று நாலு விதமாகச் சொன்னேன். என் தாளில் இருக்கும் கற்பனை மில்லிகளைப் பற்றியும் எனக்குக் கவலை இருந்தது, அதைச் சொல்லவில்லை. அவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே நின்றார். எனக்கு மாத்திரை வேணும் என்று ஒரு தடவை முணுமுணுத்தார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஆள் நாலரை வரைக்கும் இருப்பான் என்று மறுபடியும் மாடி ஏறினார். நான் திட்டிக்கொண்டே பின்னால் போனேன்.

அறைக்குள் கணக்கு பார்ப்பவரும் பெரிய டாக்டரும் இருந்தார்கள். டைம்கீப்பர் நின்றுகொண்டே பேசினார்.

"அந்தப் பொண்ணு எழுதலீங்க. ஒன்பது பேருக்கும் நேரம் போட்டது நான்தான்."

"எப்போ போட்டீங்க?"

"முந்தின நாள் சாயங்காலம்."

கணக்கு பார்ப்பவர் சிரித்த முகத்தை மாற்றிக்கொள்ளாமல் டாக்டரைப் பார்த்தார். "நடக்கறதுக்கு முன்னாடியேவா எழுதினீங்க?"

"எழுதாம எப்படிங்க நடக்கும்? நேரம் போடாம எந்த வண்டி சார் கிளம்பும்?"

பிறகு குறிப்புக் கட்டத்தைக் காட்டினார். தவறிய ஒவ்வொரு நேரத்துக்கும் காரணம் இருக்கிறது, மனைவியைக் கூப்பிட்டு விசாரித்துக்கொள்ளுங்கள், அரிசி வியாபாரியையும் விசாரிக்கலாம் என்றார். சட்டைப் பையிலிருந்து மற்ற எட்டுப் பேருக்கும் அவர் கைப்பட எழுதிக் கொடுத்த அட்டவணைகளின் நகல்களை எடுத்து மேஜையில் வைத்தார். பயணச்சீட்டுகளும் கூடவே வந்து விழுந்தன. அவற்றை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார். கணக்கு பார்ப்பவர் ஆராய்ச்சி விதிகள் அடங்கிய ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி, அறுபத்தோராம் பக்கத்தில் விரலை வைத்தார். நேரம் குறித்து அடக்கிப் பழகுவது சிறுநீர்ப்பைப் பயிற்சி எனப்படும், அதுவும் ஒரு சிகிச்சை, ஆராய்ச்சி நடக்கும்போது வேறு எந்தச் சிகிச்சையும் எடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. ஆக, மில்லி குற்றவாளி இல்லை. குற்றவாளி டைம்கீப்பர். குற்றம், அனுமதி வாங்காமல் குணமானது.

எங்கள் ஒன்பது பேரையும் அன்றைக்கே நீக்கினார்கள். மிச்ச மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொண்டு, எண்ணியதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். மில்லியின் வேலை தப்பியது. ஆனாலும் யாருக்காவது ஏதாவது செய்தாக வேண்டுமே, அவளை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பிச் சான்றிதழ் கொடுத்தார்கள். போகும்போது டைம்கீப்பரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். வழக்கம்போல அதுவும் எதிர் வரிசைக்குக் கேட்டது. தன் அப்பாகூட தனக்காக இவ்வளவு செய்திருக்க மாட்டார் என்றாள். அவருக்கு அந்தச் சொல் எங்கே போய்த் தைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மளமளவென்று படியிறங்கிவிட்டார்.

அதன் பிறகு பத்தொன்பது நாள் நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்கப் போன அன்று அவர் சட்டை மாட்டிக்கொண்டு, பயணச்சீட்டுகளை ரத்து செய்யக் கிளம்பிக்கொண்டிருந்தார். தங்கச்சி வாசலில் வழிமறித்து நின்றாள். மாத்திரை இல்லாமல் எட்டு மணி நேரம் எப்படி உட்காருவேன் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாத்திரைய அவங்க திருப்பி வாங்கி எத்தன நாளாச்சு?" என்றாள் அவள்.

"பத்தொன்பது."

"இன்னைக்குக் காலைல எத்தன மணிக்குப் போனீங்க?"

"ஆறு பத்து."

"அப்புறம்?"

"எட்டு நாப்பது." சொல்லிவிட்டு அவர் நின்றுவிட்டார்.

"ரெண்டரை மணி நேரம். எந்த மாத்திரைங்க அது?"

உள்ளே போன மருந்து இன்னும் மிச்சம் இருக்கும், தொட்டியில் அடியில் நிற்கும் டீசல் மாதிரி என்று அவர் சொல்லிப் பார்த்தார். பத்தொன்பது நாளும் அந்த டீசல் என்றைக்குத் தீருமோ என்று பயந்துகொண்டே ஓட்டியிருக்கிறார். தங்கச்சி அதற்கெல்லாம் காது கொடுக்கவில்லை. அவள் ஏற்கனவே பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள்.

எனக்கு மனசு கேட்காமல் பெரிய டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மாத்திரையே இல்லாமல் ஒரு ஆள் சரியாகிவிட்டார், நாங்கள் மற்ற எட்டுப் பேரும் முன்னைக்கு இப்போது தேவலை, நீங்கள் இதை அல்லவா எழுத வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ரொம்ப நல்ல விஷயம். ஆனா அது எங்க கேள்வி இல்லீங்களே" என்றார். அவர்களுடைய கேள்விக்கு விடை அடுத்த வருடம் வந்தது. புது மாத்திரை சாப்பிட்டால், வெறும் மாத்திரை சாப்பிடுகிறவர்களைவிட ஒரு நாளைக்கு அரைத் தடவை குறைவாகப் போக வேண்டியிருக்குமாம். அரைத் தடவை எப்படிப் போவது என்று நானும் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

பயணத்தைப் பற்றித் தங்கச்சி என் மனைவியிடம் சொன்னதைத்தான் நான் சொல்ல முடியும். வண்டி மூன்று இடத்தில் நின்றது. மூன்றிலும் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவர் முதல் ஆளாக இறங்கினார். கடைசி ஓட்டம் மட்டும் மூன்று மணி இருபது நிமிடம். அவ்வளவு நேரம் அவர் ஒருநாளும் தாங்கியதில்லை. அவள் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், பழைய சண்டைகளைக்கூட எடுத்தாள். கடைசி அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். விரல் ஒடிந்துவிடும் போலிருந்ததாம். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இறங்கியதும் நிலையத்துக் கழிவறைக்குப் போய்விட்டு வெளியே வந்தவர், தன் கால்சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்தார். காய்ந்தே இருந்தது. அவர் கண்தான் நனைந்திருந்தது.

மகள் வீட்டு வாசலில் அழைப்பு மணியை அடித்தது தங்கச்சிதான். மகள் கதவைத் திறந்தாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு பையன் நின்றான். வாங்கப்பா என்றாள், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி. மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பார்கள். நான் நிச்சயம் போயிருப்பேன். டைம்கீப்பர் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே நின்றார்.

"மூட்டுல எனக்கு ஒண்ணுமே இல்லம்மா. எனக்கு ஒண்ணுக்கு அடக்க முடியாது. பஸ்ஸுல நனைச்சிடுவேன்னு பயம். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் நாலு வருஷமா வரல. வேற எதுவும் இல்ல."

மகள் அப்பாவின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"வெளிய வாங்க. அப்பாவுக்கு உங்க மேல கோபமே இல்லையாம்."

மருமகன் வெளியே வந்தார். மாமனார் வரப்போகிறார் என்று காலையிலிருந்து அவர் சமையலறையில் நின்றிருக்கிறார். அடுப்பில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தன்னால்தான் மனைவிக்கு அப்பா இல்லாமல் போனார், தன்னால்தான் பையனுக்குத் தாத்தா இல்லை என்று நான்கு வருடமாக நம்பிக்கொண்டிருந்த மனிதர் அவர். வாங்க மாமா என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து டைம்கீப்பர் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவரிடம்தான் நேராகப் போனார்.

"பாத்ரூம் எங்க இருக்கு மாப்பிள்ளை?"

மருமகன் ஓடிப்போய் விளக்கைப் போட்டு, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.